பண்ணைத் தண்ணீரும் சின்னக் குழந்தைகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பண்ணை என்றால் தண்ணீர் இருக்கத்தான் செய்யும். இதில் தனியாகப் பேச என்ன இருக்கிறது?

எந்தத் தொழிற்சாலைக்குள்ளும் இரண்டு வயதுக் குழந்தையை நடமாட விடமாட்டார்கள். பண்ணையில் மட்டும் வேலையிடத்துக்கு நடுவிலேதான் வீடு இருக்கிறது. வாசற்படியை விட்டு இறங்கினால் தொட்டி, குட்டை, வாய்க்கால், மோட்டார், மாடு எல்லாமே கைக்கெட்டும் தூரத்தில். அந்தத் தண்ணீர் பயிருக்கும் மாட்டுக்கும் வேண்டும் என்பதால் வடித்துவிடவும் முடியாது.

உலக சுகாதார நிறுவனம் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கைப்படி, 2021இல் உலகம் முழுவதும் சுமார் 3,00,000 பேர் நீரில் மூழ்கி இறந்திருக்கிறார்கள். அவர்களில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் ஐந்து வயது நிரம்பாத குழந்தை. ஆஸ்திரேலியாவில் பண்ணைகளில் இறந்துபோகும் சின்னக் குழந்தைகளின் கணக்கைப் பார்த்தால், மூழ்குவதுதான் முதல் காரணம். அதுவும் பெரும்பாலும் வீட்டுக்குப் பக்கத்துக் குட்டையில்.

ஒன்றிலிருந்து நான்கு வயது வரை ஆபத்து உச்சத்தில் இருக்கிறது. கால் ஓட ஆரம்பித்துவிட்டது, புத்தி இன்னும் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இந்த வயதை மனதில் வைத்து எழுதியவை.

குட்டை, கிணறு என்றால் சரி. ஒரு வாளித் தண்ணீருக்குமா பயப்பட வேண்டும்?

ஆமாம். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், மூக்கும் வாயும் முங்கினால் வேலை முடிந்தது. இந்த வயதில் குழந்தையின் உடம்பில் தலைதான் கனம். வாளிக்குள் எட்டிப் பார்க்கும்போது தலை முன்னால் சாய்ந்துவிட்டால், பின்பக்கத்தை இழுத்து நிமிர்த்தும் அளவுக்குக் கையிலும் முதுகிலும் பலம் கிடையாது. இருபது லிட்டர் வாளி இதற்கென்றே செய்ததுபோல் அமைந்திருக்கிறது. குழந்தையின் இடுப்பு உயரம், உள்ளே கால்வாசித் தண்ணீர், அடி கனமாக இருப்பதால் குழந்தை விழுந்தாலும் வாளி கவிழாது.

பண்ணையில் இன்னொரு சங்கடமும் உண்டு. வாளியிலும் டிரம்மிலும் இருப்பது வெறும் தண்ணீராகவே இருக்கும் என்று சொல்ல முடியாது. பூச்சிமருந்து கலந்த மீதி, பால் பாத்திரம் கழுவும் காரக் கரைசல், உரக் கரைசல் என்று எதுவும் இருக்கலாம். வேலை முடிந்ததும் கொட்ட வேண்டியதை முறைப்படி கொட்டிவிட்டு, வாளியைக் கவிழ்த்து வையுங்கள். கவிழ்த்த வாளியைத் தொட்டிக்குப் பக்கத்தில் மட்டும் வைக்காதீர்கள். அது ஏறி நிற்கும் படியாகிவிடும்.

விழுந்தால் கத்தும், தண்ணீரை அடிக்கும், நமக்குக் கேட்காதா?

பெரும்பாலும் கேட்காது. மூழ்குபவர் கையை ஆட்டிக் கூப்பிடுவது சினிமாவில். வாய் தண்ணீருக்கு மேலே வரும் அந்த நொடியில் மூச்சு இழுக்கத்தான் நேரம் இருக்கும், கத்துவதற்கு அல்ல. கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்கிக்கொண்டிருக்கும். உயிர்காப்பாளராக இருந்த பிராங்க் பியா இதைக் கவனித்து விவரித்திருக்கிறார். இந்தப் போராட்டம் முழுவதும் 20 முதல் 60 நொடிக்குள் முடிந்துவிடுகிறது என்கிறார் அவர். சின்னக் குழந்தை என்றால் போராட்டமே இல்லாமல் உள்ளே போய்விடலாம். மாடு கத்துகிறது, மோட்டார் ஓடுகிறது, டிராக்டர் உறுமுகிறது. இதற்கு நடுவில் ஒரு சின்ன 'பொளக்' சத்தம் யார் காதில் விழும்?

நாங்கள் எப்போதும் ஒரு கண் வைத்துக்கொண்டுதானே இருக்கிறோம்?

நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மாட்டுத் தொட்டியின் மிதவை அடைத்துக்கொண்டது. மூடியைத் தூக்கிக் கீழே வைத்துவிட்டு, எட்டாததால் ஒரு மரப்பெட்டியைப் போட்டு ஏறி நின்று பார்த்தேன். ஸ்பேனர் வேண்டியிருந்தது. கொட்டகைக்குப் போய் எடுத்துக்கொண்டு திரும்பினேன், அவ்வளவுதான். இரண்டரை வயது மகன் நான் போட்ட அதே பெட்டியில் ஏறி, தொட்டி விளிம்பில் வயிறு அழுந்தக் கவிழ்ந்திருந்தான். இரண்டு காலும் பெட்டியை விட்டு எழும்பிவிட்டன. உள்ளே அவனுடைய செருப்பு ஒன்று மிதந்துகொண்டிருந்தது, கையை நீட்டி நீட்டி அதை எட்டப் பார்த்தான். கால்சட்டையின் இடுப்புப் பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவன் அழுதது செருப்பு கிடைக்கவில்லை என்று.

அன்றைக்கு இரண்டு விஷயம் புரிந்தது. குழந்தையைத் தண்ணீர் மட்டும் இழுப்பதில்லை, அதில் கிடக்கும் பந்தும் செருப்பும் தவளையும் வாத்துக்குஞ்சும் சேர்ந்து இழுக்கின்றன. அடுத்தது, ஒரு கண் வைத்திருப்பது என்று நாம் சொல்வது பெரும்பாலும் காது வைத்திருப்பதுதான். அந்தக் காதும் வேலையில் இருக்கிறது.

உண்மையான கண்காணிப்பு என்றால் தண்ணீர்ப் பக்கம் இருக்கும்போது குழந்தை கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்க வேண்டும், அந்த நேரத்தில் அது ஒன்றுதான் வேலை, கையில் போன் இல்லை. இதை ஒரு மணி நேரம் செய்யலாம். கறவையும் அறுவடையும் இருக்கும் நாளில் காலையிலிருந்து இரவு வரை யாராலும் முடியாது. அதை நம்மிடமே ஒப்புக்கொண்டால்தான் அடுத்த கேள்விக்குப் போக முடியும்.

பெரியவர்கள் நாலு பேர் இருக்கும் வீட்டில் ஒரு விஷயம் கூடுதலாக வேண்டும். 'நீ பார்த்துக்கொள்கிறாய் என்று நினைத்தேன்' என்ற வாக்கியம் வராமலிருக்க, பொறுப்பை வாய்விட்டுச் சொல்லி மாற்றுங்கள். "இனிமேல் நீ பார்", "சரி, நான் பார்க்கிறேன்". பதில் வரும்வரை இடத்தை விட்டு நகரக் கூடாது.

அப்படியானால் எல்லாத் தண்ணீருக்கும் வேலி போட வேண்டுமா? பத்து ஏக்கரில் அது நடக்கிற காரியமா?

நடக்காது. அதனால்தான் குழந்தைக்கு வேலி போடச் சொல்கிறேன்.

வீட்டை ஒட்டி ஓர் இடத்தை எடுத்துக்கொண்டு, நாலு பக்கமும் அடைத்து, தானாகச் சாத்திக்கொள்ளும் ஒரு கதவு வையுங்கள். அது விளையாட்டு முற்றம். வேலையிடம் வேலிக்கு வெளியே, குழந்தை வேலிக்கு உள்ளே. பெரியவர் கூட வந்தால் ஒழிய அந்தக் கதவைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலியாவில் பண்ணைப் பாதுகாப்புக்காரர்கள் பல ஆண்டுகளாக வற்புறுத்துவது இதைத்தான். பண்ணை எவ்வளவு பெரிதானாலும் சரி, முற்றம் சின்னதாகவே இருக்கலாம். தண்ணீர் எத்தனை இடத்தில் இருந்தாலும் சரி, குழந்தை இருப்பது ஓரிடத்தில்தான்.

முற்றம் எங்கே அமைய வேண்டும்? வீட்டுக்குள் நீங்கள் அதிக நேரம் நிற்கும் ஜன்னலிலிருந்து தெரிய வேண்டும். பல வீடுகளில் அது சமையலறை ஜன்னல். வண்டி திரும்பும் பாதையில் இருக்கக் கூடாது. நிழல் வேண்டும், ஏனென்றால் வெயில் சுடுகிற முற்றத்தில் எந்தக் குழந்தையும் பத்து நிமிடம் நிற்காது. உள்ளே மணல், பழைய டயர், தகர டப்பா, கரண்டி என்று கிளறுவதற்கும் தட்டுவதற்கும் ஏதாவது போட்டு வையுங்கள். வெளியே இருக்கும் வேடிக்கையோடு போட்டி போடக்கூடிய வேடிக்கை உள்ளேயும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழந்தை முழுப் புத்தியையும் கதவைத் திறப்பதில் செலவழிக்கும், ஒரு நாள் திறந்தும்விடும்.

வேலி போடும்வரை என்ன செய்வது என்று கேட்டால், நடை பழகும் குழந்தைக்கு மரச்சட்டத் தடுப்பு அடைப்பு ஒன்று போதும். நீங்கள் தண்ணீர் மாற்றும் அரை மணி நேரத்துக்கு அது உதவும். நாள் முழுக்க அதற்குள் வைக்க முடியாது, வைக்கவும் கூடாது.

வேலி எவ்வளவு உயரம்? மாட்டுக்குப் போட்ட கம்பி வேலியே இருக்கிறதே?

மாட்டு வேலி மாட்டுக்குத்தான். இரண்டு வயதுக் குழந்தை அடிக்கம்பிக்குக் கீழே சுலபமாக நுழைந்து போய்விடும். முள்கம்பியும் தடுக்காது, கிழிக்க மட்டும் செய்யும்.

நீச்சல்குளங்களுக்கு ஆஸ்திரேலியத் தரவிதி சொல்லும் அளவுகளைப் பண்ணைக்கும் எடுத்துக்கொள்ளலாம். உயரம் குறைந்தது 1.2 மீட்டர். நிற்கும் கம்பிகளுக்கு நடுவிலும், வேலிக்கும் தரைக்கும் நடுவிலும் 10 சென்டிமீட்டருக்கு மேல் சந்து கூடாது. கதவுத் தாழ்ப்பாள் 1.5 மீட்டர் உயரத்தில். வலை அடிப்பதாக இருந்தால் குழந்தையின் கால்விரல் நுழையாத சின்னக் கண்ணாக இருக்கட்டும். பெரிய கண் வலை ஏணிக்குச் சமம். குறுக்குச் சட்டங்களை வெளிப்பக்கம் அடியுங்கள், இல்லாவிட்டால் அவையும் படியாகும்.

கதவுதான் எல்லா வேலிக்கும் பலவீனமான இடம். கையை விட்டதும் தானாகச் சாத்தி, தானாகப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்பிரிங் கீல் கிடைக்காவிட்டால், கதவில் கயிறு கட்டி, தூணில் ஒரு கப்பி வழியாக ஒரு கனத்தைத் தொங்கவிட்டாலும் வேலை செய்யும். பல பண்ணைகளில் நான் பார்த்தது, நல்ல கதவு, நல்ல தாழ்ப்பாள், அதை ஒரு கம்பித் துண்டால் திறந்தபடியே கட்டி வைத்திருப்பார்கள். இரண்டு கையிலும் வாளியோடு வருகிறவர்களுக்குத் தாழ்ப்பாள் இடைஞ்சல். அது இடைஞ்சல் என்றால் கதவை இடம் மாற்றுங்கள், கட்டி மட்டும் வைக்காதீர்கள்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

முழங்காலில் உட்கார்ந்து. கிண்டல் இல்லை. வீட்டு வாசலிலிருந்து குழந்தையின் கண் உயரத்தில் ஒரு சுற்று போய்ப் பாருங்கள். நின்றபடி பார்க்கும்போது தெரியாத பலகைச் சந்து, மூடாத வால்வுக் குழி, கொட்டகைக்குப் பின்னால் மழை நீர் நிறைந்து கிடக்கும் பழைய தொட்டி, ஓரமாகக் கிடக்கும் டிராக்டர் டயர் எல்லாம் அப்போது தெரியும். மழை பெய்த மறுநாள் இன்னொரு முறை சுற்றுங்கள். நேற்று பள்ளமாக இருந்தது இன்று குட்டையாக இருக்கும்.

வீட்டுக்கு மிக அருகில் உள்ள தண்ணீரை முதலில் சரிசெய்யுங்கள், ஆழமானதை அல்ல. குழந்தை பெரும்பாலும் அடிக்கடி போகும் பாதையில்தான் போகும்.

மாட்டுத் தொட்டியை மூடிவிட்டால் மாடு எப்படிக் குடிக்கும்?

மூட வேண்டாம், வலை போடுங்கள். தண்ணீர் மட்டத்துக்குச் சற்றுக் கீழே கெட்டியான இரும்பு வலைச் சட்டம் ஒன்றைப் பொருத்தினால் மாடு மூக்கை வைத்துக் குடித்துவிடும், குழந்தையின் தலையும் உடம்பும் உள்ளே இறங்காது. வலை தொங்காமலும் கழன்றுவராமலும் இருக்க வேண்டும். உங்கள் முழு எடையையும் கையால் அழுத்திச் சோதியுங்கள். ஆனால் வலை போட்ட தொட்டியிலும் மேல்மட்டத்தில் ஒரு விரற்கடைத் தண்ணீர் நிற்கும். ஆகவே அது ஆபத்தைக் குறைக்குமே தவிர கண்காணிப்பை ஈடுசெய்யாது. வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தொட்டியை இடம் மாற்ற முடிந்தால் அதுவே மேல். உபயோகத்தில் இல்லாத தொட்டியைக் கவிழ்த்துவிடுங்கள், கவிழ்க்க முடியாவிட்டால் அடியில் ஓட்டை போடுங்கள்.

பிளாஸ்டிக் விரித்த பண்ணைக்குட்டை. கரை சரிவாகத்தானே இருக்கிறது, ஏறி வந்துவிட முடியாதா?

பெரியவர்களே ஏற முடியாமல் இறந்திருக்கிறார்கள். ஈரமும் பாசியும் சேர்ந்த பிளாஸ்டிக் விரிப்பில் கால் நிற்காது, கை பிடிக்க ஒன்றும் இருக்காது. நீச்சல் நன்றாகத் தெரிந்தவரும் விளிம்பில் வழுக்கி வழுக்கியே களைத்துப்போவார். இந்த வகைக் குட்டைக்கு வேலி கட்டாயம். அதோடு, முடிச்சுப் போட்ட தடித்த கயிறு அல்லது கயிற்று ஏணியைக் கரையில் ஊன்றிய முளையில் கட்டி, தண்ணீருக்குள் இறங்கும்படி நாலு பக்கமும் விட்டு வையுங்கள். வரிசையாகக் கோத்த பழைய டயர்களும் நல்ல படி. கயிறு குழந்தையைக் காப்பாற்றாது என்பது உண்மைதான். காப்பாற்றக் குதிக்கும் அப்பாவைக் காப்பாற்றும்.

மண் குட்டையில் வேறு ஏமாற்று. பாசியோ ஆகாயத்தாமரையோ மூடிவிட்டால் அது பச்சைப் புல்தரை போலவே தெரியும். குழந்தை அதன்மேல் நடக்கப் பார்க்கும்.

எங்கள் வாய்க்காலில் முழங்கால் ஆழம்தான். அதிலும் ஆபத்தா?

உங்கள் முழங்காலா, குழந்தையின் முழங்காலா? ஓடும் தண்ணீர் 15 சென்டிமீட்டர் இருந்தாலே பெரியவர் காலை வாரிவிடும். சிமெண்ட் வாய்க்காலின் சரிந்த பக்கங்கள் வழுக்கும். காலையில் காய்ந்து கிடந்த வாய்க்கால் மதகு திறந்த சில நிமிடத்தில் ஓடத் தொடங்கும். விளையாட நல்ல இடம் என்று குழந்தைக்குக் காலையில் பழகியிருக்கும். அதைவிடப் பயம், பாதைக்கு அடியில் போகும் குழாய். குழந்தையை இழுத்து உள்ளே வைத்துவிட்டால் வெளியே எடுப்பது மிகக் கஷ்டம். வீட்டை ஒட்டி ஓடும் பகுதியை மட்டுமாவது மூடுங்கள், அல்லது குழாய் பதித்துப் புதையுங்கள். குழாயின் வாயில் சரிவான கம்பிச் சட்டம் வைத்து, தேங்கும் குப்பையை வாரம் ஒருமுறை எடுத்துவிடுங்கள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இருக்கிறது. போதுமா?

சுவர் இருப்பது நல்லது, மேலே பூட்டக்கூடிய கம்பி மூடியும் இருந்தால்தான் போதும். சுவரை ஒட்டிக் கல், கட்டில், குழாய்க் கட்டு எதுவும் கிடக்கக் கூடாது. பயன்படாத ஆழ்துளைக் கிணறு இருந்தால் இன்றே இரும்பு மூடி போட்டுப் பற்றவைத்துவிடுங்கள். கோணிப்பையும் கல்லும் மூடி ஆகாது.

சாணக் கரைசல் குழியும் தண்ணீர்க் கணக்கில் வருமா?

வரும், அதைவிட மோசமான கணக்கில். மேலே ஏடு காய்ந்து தரை போலவே இருக்கும், கோழி நடந்தாலும் தாங்கும். குழந்தையைத் தாங்காது. கீழே இருப்பது நீச்சலடிக்க முடியாத குழம்பு. கலக்கும்போது கிளம்பும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயு காற்றைவிடக் கனமானது, குழியிலேயே தங்கும். கொஞ்சமாக இருக்கும்போது அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. விழுந்தவரைத் தூக்க இறங்கியவர், அவரைத் தூக்க இறங்கியவர் என்று ஒரே குடும்பத்தில் வரிசையாக இறந்த சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. கலக்கும் நாளில் குழந்தைகள் அந்தப் பக்கமே இருக்கக் கூடாது. யாராவது விழுந்துவிட்டால் கயிறோ கம்போ நீட்டுங்கள், தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள், நீங்கள் இறங்காதீர்கள். படிக்கும்போது கல்மனசுபோல் தெரியும் அறிவுரைதான், அது எனக்கும் தெரிகிறது.

மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. தம்பியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லலாமா?

வீட்டுக்குள் விளையாட்டுக் காட்டச் சொல்லலாம். தண்ணீர்ப் பக்கம் கூடாது. ஒன்பது வயதுக் குழந்தையும் குழந்தைதான். ஒரு வண்ணத்துப்பூச்சி போதும், கவனம் போய்விடும். அதைவிடப் பெரிய கவலை வேறு. தம்பி விழுந்தால் அவள் யோசிக்காமல் உள்ளே இறங்குவாள். அவளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒன்றே ஒன்று: கத்து, மிதக்கிற எதையாவது எறி, இறங்காதே.

வங்கதேசக் கிராமங்களில் குழந்தைகள் அதிகம் மூழ்குவது காலை 9 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இடையில், பெரியவர்கள் வேலையில் இருக்கும் நேரத்தில் என்று கண்டார்கள். அந்த நேரத்துக்கு மட்டும் 'ஆஞ்சல்' என்ற பெயரில் ஊருக்குள்ளேயே குழந்தைக் காப்பகம் வைத்தார்கள். அங்கே போன குழந்தைகளிடையே மூழ்கி இறப்பது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. பக்கத்துப் பண்ணைக்காரர்கள் மூன்று நான்கு பேர் சேர்ந்தால் இதைச் சின்ன அளவில் செய்யலாம். கறவை நேரத்தில் ஒருவர் வீட்டில் எல்லாக் குழந்தைகளும், நாளைக்கு இன்னொருவர் வீட்டில்.

நீச்சல் கற்றுக்கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா?

தீராது, குறையும். கற்றுக்கொடுங்கள், ஆனால் அதை நம்பி வேலியைக் கழற்றாதீர்கள். குளத்தில் நீந்திய நாலு வயதுக் குழந்தை, உடுப்போடும் செருப்போடும் எதிர்பாராமல் குளிர்ந்த கலங்கல் நீரில் விழும்போது கற்றதெல்லாம் மறந்துபோகும். பள்ளி வயதில் முறையான நீச்சலும், தண்ணீரில் மல்லாந்து மிதப்பதும், பிறரைக் கரையிலிருந்தே மீட்பதும் கற்றால் பிற்காலத்துக்கு உதவும். காற்றடைத்த வளையமும் கைப்பட்டையும் விளையாட்டுச் சாமான்கள், பாதுகாப்புச் சாதனங்கள் அல்ல. படகில் ஏற்றினால் அளவு பொருந்திய உயிர்காப்புச் சட்டை வேண்டும், சின்னக் குழந்தைக்குக் கவட்டுப் பட்டை உள்ள சட்டையாக இருக்க வேண்டும். உடுப்பு நிறத்தையும் யோசியுங்கள்: கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் தண்ணீரில் தெரியும், நீலமும் வெள்ளையும் கரைந்துபோகும்.

குட்டையில் பூதம் இருக்கிறது என்று பயமுறுத்தி வைத்தால்?

சில நாள் வேலை செய்யும். அப்புறம் பூதத்தைப் பார்க்கவே ஒரு நாள் கிளம்பும். மூன்று வயதுக்குப் புரியும் விதி ஒன்று உண்டு: "பெரியவர் கையைப் பிடித்தால்தான் தண்ணீர்ப் பக்கம்." ஒரே விதி, எல்லோரும் ஒரே மாதிரி சொல்ல வேண்டும். தாத்தா மட்டும் விதிவிலக்கு கொடுக்கக் கூடாது.

குழந்தையைக் காணோம். முதலில் எங்கே தேடுவது?

தண்ணீரில். கட்டிலுக்கு அடியில், வைக்கோல் போரில், பக்கத்து வீட்டில் எல்லாம் அப்புறம். அங்கே ஒளிந்திருந்தால் ஐந்து நிமிடம் கழித்தும் உயிரோடுதான் இருக்கும். மூச்சில்லாமல் நாலு முதல் ஆறு நிமிடத்தில் மூளை பாதிக்கப்படத் தொடங்கிவிடும். ஆளுக்கொரு நீர்நிலை என்று முன்கூட்டியே பிரித்து வைத்திருந்தால் அந்தப் பதற்றத்தில் எல்லோரும் ஒரே கிணற்றுக்கு ஓட மாட்டார்கள்.

தண்ணீரிலிருந்து தூக்கிவிட்டோம், மூச்சு இல்லை. என்ன செய்வது?

முதலில் என்ன செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். தலைகீழாகப் பிடித்து உலுக்குவது, தலைக்கு மேல் தூக்கிச் சுற்றுவது, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றுவது எதுவும் வேண்டாம். உடனே தேவை காற்று. வயிற்றை அமுக்கினால் உள்ளே இருப்பது வாந்தியாக வந்து நுரையீரலுக்குள் போகும், நேரமும் போகும்.

கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். ஒருவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். நீங்கள் தனியாக இருந்தால் போனை ஸ்பீக்கரில் போட்டுப் பக்கத்தில் வைத்துக்கொண்டே ஆரம்பியுங்கள். நெற்றியில் ஒரு கை வைத்துத் தலையை லேசாகப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்குங்கள். கைக்குழந்தை என்றால் தலையைச் சாய்க்காமல் நேராக வைத்தால் போதும். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கைக்குழந்தைக்கு மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி ஊத வேண்டும். ஒவ்வொரு ஊதலும் ஒரு நொடி, மார்பு எழும்புகிற அளவுக்கு மட்டும். ஐரோப்பிய முறையில் முதலில் ஐந்து ஊதல், அமெரிக்க முறையில் இரண்டு. மூழ்கியவருக்கு ஊதலில் தொடங்க வேண்டும் என்பதில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை.

அசைவோ மூச்சோ வராவிட்டால் மார்பின் நடுவில், மார்பு உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு உள்ளே போகும்படி அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், பிறகு இரண்டு ஊதல், மறுபடியும் 30. குழந்தைக்கு ஒரு கையின் அடிப்பகுதி போதும், கைக்குழந்தைக்கு மார்பைச் சுற்றிப் பிடித்து இரண்டு கட்டைவிரல்கள். வாயில் நுரை வந்துகொண்டே இருந்தால் துடைத்துக்கொண்டிருக்காதீர்கள், அதன் மேலேயே ஊதுங்கள். வாந்தி வந்தால் மட்டும் பக்கவாட்டில் திருப்பி எடுத்துவிட்டுத் தொடருங்கள். குழந்தை மூச்சு விடும்வரை அல்லது உதவி வரும்வரை நிறுத்தக் கூடாது.

இதைப் படித்தால் வராது. பொம்மையில் கைவைத்து ஒரு நாள் பயிற்சி எடுங்கள். பண்ணைக்கு ஆம்புலன்ஸ் வந்து சேர நேரமாகும் என்பதால், அங்கே முதல் வைத்தியர் நீங்கள்தான்.

மூச்சு வந்துவிட்டது, அழுகிறது, நன்றாகத்தான் இருக்கிறது. மருத்துவமனைக்குப் போக வேண்டுமா?

வேண்டும். ஊதியோ அழுத்தியோ மூச்சு வரவழைத்த குழந்தையைக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீரால் சில மணி நேரம் கழித்தும் மூச்சு முட்டலாம். தண்ணீரில் முங்கி எழுந்து தானாகவே தேறிக்கொண்ட குழந்தையாக இருந்தாலும், தொடர் இருமல், வேகமான மூச்சு, வழக்கத்துக்கு மாறான தூக்கக் கலக்கம், உதடு நீலம் இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே கிளம்புங்கள். ஈர உடுப்பைக் கழற்றிவிட்டுப் போர்வையில் சுற்றிக் கொண்டுபோங்கள்.

நாளைக்கு உறவினர்கள் குழந்தைகளோடு வருகிறார்கள். எனக்கு ஒரு மணி நேரம்தான் இருக்கிறது.

வந்து போகும் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். உங்கள் பிள்ளைக்குத் தொட்டி பழைய சாமான், அவர்களுக்கு அது அதிசயம். அவர்களுடைய பெற்றோருக்கோ எங்கே என்ன இருக்கிறது என்றே தெரியாது.

வாளி, டிரம், கழுவும் தொட்டி எல்லாவற்றையும் காலி செய்யுங்கள். தொட்டிப் பக்கம் கிடக்கும் பெட்டி, கல், ஸ்டூல் எல்லாவற்றையும் அப்புறப்படுத்துங்கள். தண்ணீரில் மிதக்கும் பந்தையும் பொம்மையையும் எடுத்துவிடுங்கள். குட்டைக் கரையில் மூடி இறுக்கிய ஐந்து லிட்டர் காலி கேன் ஒன்றைக் கயிற்றில் கட்டி வையுங்கள், எறிவதற்கு. உள்ளே ஓர் அங்குலத் தண்ணீர் விட்டுக்கொண்டால் காற்றில் பறக்காமல் நேராகப் போகும். கதவைக் கட்டி வைத்திருக்கும் அந்தக் கம்பித் துண்டை அவிழ்த்துவிடுங்கள். அவர்கள் வந்து இறங்கியதும், பை உள்ளே போவதற்கு முன்பு, பெரியவர்களை ஒரு சுற்று கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் இருக்கும் இடங்களையெல்லாம் காட்டிவிடுங்கள்.